உள்ளங்கையைக் கடக்கும் கடிகாரம்



திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூருக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. அந்தச் சாலையை அப்படியே நிமிர்த்தி, வானை நோக்கி நிறுத்தியதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உச்சியருகே, விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றின் அணுக்களோடு மோதுகின்றன. அம்மோதலின் விளைவாக மியூவான் என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன.

பாவம், அவற்றின் சராசரி ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்குதான்! ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டருக்குள் கதை முடிந்துவிட வேண்டும். ஆனால், உங்கள் உள்ளங்கையைச் சற்று விரித்துப் பாருங்கள். விநாடிக்கு ஒன்று என்னும் அளவில் மியூவான்கள் அதனை ஊடுருவிச் சென்றுகொண்டே இருக்கின்றன. எங்ஙனம் வந்து சேர்ந்தன?

1905இல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் கோட்பாடு இதற்கு விடை கூறுகிறது. ஒளியின் வேகத்தில் 99.9 விழுக்காட்டில் விரையும் பொருளின் கடிகாரம், நம் கணக்கில் 22 மடங்கு மெதுவாக ஓடும். 660ஐ 22ஆல் பெருக்கிப் பாருங்கள். பதினான்கரைக் கிலோமீட்டர் வருகிறதல்லவா? மியூவானைக் கேட்டால், 'என் கடிகாரத்தில் பிழையில்லை. உங்கள் சாலைதான் சுருங்கிவிட்டது' என்று கூறும். இருவர் கூற்றும் மெய்யே. நம் அறிவு தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

துகளின் ஆயுளையே கடிகாரமாகக் கொண்டு ஐன்ஸ்டீனின் கூற்றைச் சோதிக்கலாம் என்று 1938இலேயே எழுதியவர் நம் நாட்டு ஹோமி பாபா. அணுக்கருவைப் பிணைக்கும் விசைக்கு ஜப்பானின் யுகாவா 1935இல் வகுத்த புலக் கோட்பாட்டை ஆராய்கையில் அவருக்கு இது தோன்றியது. காஸ்மிக் கதிரில் தென்பட்ட துகளே யுகாவா கூறிய துகள் என்று அன்று பலரும் கருதினர். அது தவறென்று 1947இல் தெரிந்தது. யுகாவாவின் துகள் பையான். அது சிதைந்து பிறக்கும் பிள்ளையே மியூவான். ஆளை அடையாளம் கண்டதில் பிழை நேர்ந்தது. கடிகாரக் கணக்கோ பிழைக்கவில்லை! 1941இல் அமெரிக்காவில் ராசி, ஹால் இருவரும் மலைமேலும் அடிவாரத்திலும் துகள்களை எண்ணி அதனை மெய்ப்பித்தனர்.

நம் உதகமண்டலத்திலும் இந்த எண்ணிக்கை நடைபெறுகிறது. பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அங்கே உள்ளது. ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3712ஐ அடுக்கி, நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்தனர். 2014 டிசம்பர் 1ஆம் நாள் அவ்வெண்ணிக்கை சற்றே குறைந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, தலைக்கு மேல் சென்ற இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது புலப்பட்டது.