பழைய வீட்டைக் காக்கத் திட்டம் இல்லையே!

எரிசக்தி சேமிப்புத் திருத்த மசோதா 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மக்களவையிலும், டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வீடுகளுக்கும் எரிசக்திச் சிக்கனம் வந்துவிட்டது என்று பலரும் எண்ணினர். ஆனால், 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட மின் இணைப்புள்ள கட்டடங்களுக்கே சட்டம் பொருந்தும். மாநிலங்கள் விரும்பினால் இந்த வரம்பைக் குறைக்கலாம். எவ்வளவு குறைத்தாலும் சில விளக்குகளும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள விவசாயியின் வீடு அதில் அடங்காது. 2018-இல் வெளியான குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்போ, 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளைக் கருதி எழுதப்பட்டது.

இப்படி விடுபட்டவற்றில் ஹிமாசலப் பிரதேசத்தின் பழைய விவசாயக் குடும்ப வீடுகளும் அடங்கும். குலு, கின்னௌர், மேல் சிம்லா பகுதிகளில் இவற்றைக் 'காட் குனி' வீடுகள் என்பர். தேவதாரு உத்தரங்களும் கல் வரிசைகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும், சிமெண்ட் கிடையாது. கீழ்த்தளத்தில் மாடுகள், நடுவில் தானியம், மேலே மக்கள். கால்நடைகளின் உடற்சூடு கூட வீணாவதில்லை. 1905-ஆம் ஆண்டு காங்ரா நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற நக்கர் கோட்டை, இம்முறையின் வலிமைக்குச் சான்று.

அதற்காக இவ்வீடுகளில் குறையே இல்லை என்று கூறிவிட முடியாது. இடுக்குகளில் குளிர்காற்று புகும். உள்ளே இருளும் புகையும் சூழும். விறகு சுமப்பவரும் அந்தப் புகையில் சமைப்பவரும் பெண்களே. கான்கிரீட் வீட்டை அவர்கள் விரும்புவதில் வியப்பில்லை. ஆனால், மெல்லிய கான்கிரீட் சுவர் வெப்பத்தை விரைவில் இழக்கும்; அதை ஈடுகட்ட மேலும் விறகு எரிக்க வேண்டும்.

தீர்வு கடினமானதன்று. கூரைக் கற்பலகைகளின் அடியில் பலகை அடித்து, இடைவெளியில் வெப்பம் காக்கும் பொருளை நிரப்பலாம். சுவரின் உட்புறம் மண் பூசலாம். ஜன்னல்களுக்கு இறுக்கமான கதவுகளும், அடுப்புக்குப் புகைபோக்கியும் அமைக்கலாம். உள்ளூர்த் தச்சரே செய்யக்கூடிய பணிகள் இவை. சிமெண்ட் பூச்சுதான் கூடாது. அது ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தி மரத்தை உளுக்கச் செய்யும். நில அதிர்வில் வளைந்து கொடுக்கும் சுவரையும் விறைப்பாக்கிவிடும்.

இப்பணிகளுக்குப் பணம் எங்கே? பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் மலை மாநிலங்களில் வீடொன்றுக்கு ரூ.1.30 லட்சம் அளிக்கிறது. அது புதிய வீட்டுக்கு. 2024 ஆகஸ்டில் மேலும் 2 கோடி வீடுகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது, அவையும் புதியவையே. முன்பிருந்த இந்திரா வீட்டு வசதித் திட்டத்தில், பழுதான கச்சா வீடுகளை மேம்படுத்த 1999 முதல் 20 விழுக்காடு நிதி ஒதுக்க வழியிருந்தது. அந்த வழியையும் அடைத்துவிட்டோம்.

கணக்கெடுப்பின் இலக்கணமும் விந்தையானது. 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் மண் சுவரும், மரச் சுவரும், சாந்தின்றி அடுக்கிய கற்சுவரும் 'கச்சா'. தகரச் சுவர் 'பக்கா'! தலைமுறைகளைத் தாங்கிய சுவர் தகரத்துக்குக் கீழே தள்ளப்பட்டுள்ளது. கற்பலகைக் கூரை 'பக்கா' என்பதால், இவ்வீட்டுக்காரருக்குப் புதிய வீடும் எளிதில் கிடைக்காது. பழையதைச் செப்பனிட உதவியும் கிடைக்காது.

2024-இல் தொடங்கிய சூரிய மின்கூரைத் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்குப் பொதுவாக ரூ.78,000 மானியம் உண்டு. வரவேற்கத்தக்கதே. ஆனால், கூரையின் மேல் மின்சாரம் உண்டாக்கப் பணம் தரும் அரசு, அதே கூரையின் வழியே வெப்பம் வெளியேறாமல் தடுக்கப் பணம் தருவதில்லை. ஓட்டைப் பானையில் நீர் நிரப்பும் வேலை இது.

தேவதாரு அருகிவரும் காலத்தில் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். புதிதாக எல்லோரும் இப்படிக் கட்ட முடியாது என்பது உண்மையே. இருக்கும் மரத்தைக் காக்க வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் வேறென்ன? ஒரு வீட்டை இடிப்பது, அதற்காக என்றோ வெட்டிய மரங்களை இரண்டாம் முறை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

இது மலை மாநிலங்களின் பிரச்னை மட்டுமன்று. மண் சுவர் வீடுகள் உள்ள எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும். வீட்டு வசதி நிதியில் ஒரு பங்கைச் செப்பனிடும் பணிக்கு ஒதுக்க வேண்டும். 'கச்சா' என்பதன் வரையறையை, பொருளைக் கொண்டன்றி வீட்டின் உறுதியைக் கொண்டு மாற்ற வேண்டும். தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் பயிற்சி அளிக்க வேண்டும். ஊரக வளர்ச்சித் துறையின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது, இதைக் கேட்க ஓர் உறுப்பினராவது எழுந்து நிற்க வேண்டும்.