தெருவில் மறைந்த 'கவாய்' ஃபேஷன்... அரங்குக்குள் வாழ்வது ஏன்?

ரிப்பன், லேஸ், குடை போல விரிந்த பாவாடை... பாரிஸ் அருகே நடக்கும் 'ஜப்பான் எக்ஸ்போ' மாதிரியான விழாக்களில் இந்த உடைகளைப் பார்க்கலாம். ஜப்பானிய மொழியில் 'கவாய்' என்றால் 'க்யூட்'.

இது வளர்ந்த இடம், டோக்கியோவின் ஹராஜுகு. ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்களை நிறுத்தி, சாலையை நடப்பவர்களுக்கே விட்டார்கள். விதவிதமான உடைகளில் இளைஞர்கள் கூடினர். 1998-ல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

ஆனால் 2009-ல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம், 3 இளம்பெண்களை 'கவாய் தூதர்'களாக நியமித்தது. ஹராஜுகுவைப் படம்பிடித்துவந்த 'ஃப்ரூட்ஸ்' இதழோ 2017-ல் நின்றது. படமெடுக்க ஸ்டைலான இளைஞர்கள் இல்லை என்பதுதான் நிறுவனர் ஷோயிச்சி ஆவோகி சொன்ன காரணம்.

ஆக, காசில்லாமல் கூடிய தெரு போச்சு. டிக்கெட் வாங்கும் அரங்கு வந்தாச்சு. உடையை எங்கேயும் வாங்கலாம். அதைப் போட்டுக்கொண்டு கூச்சமில்லாமல் நிற்க இடம் வேண்டுமே! அந்த இடத்துக்குத்தான் இந்த டிக்கெட்.