வால்யூம் குமிழ் இறுகிவிட்டால் எண்ணெய் விடலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் தோப்பு வீட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டில் இருப்பது கரண்டில் ஓடும் ஜோடி ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கிறது. செல்போனை அதில் இணைத்துக் கொடுத்தால், அப்பா திண்ணையில் உட்கார்ந்து விவசாய நிகழ்ச்சி கேட்பார். இப்போது வால்யூம் குமிழ் இறுகிவிட்டது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் மூட்டுவலி வேறு. அவரால் திருக முடியவில்லை. “பக்கத்து வீட்டு அண்ணன் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். விடலாமா, புது ஸ்பீக்கர்தான் வாங்க வேண்டுமா?” என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம். இறுக்கம் குமிழிலா, அதற்குள் இருக்கும் தண்டிலா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். கை ஈரமாக இருக்கக் கூடாது. குமிழின் பக்கவாட்டில் சின்ன திருகாணி இருந்தால் அதைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால், குமிழுக்குப் பின்னால் ஒரு நாடாவைச் சுற்றி நேராக முன்னால் இழுத்தால் கழன்று வந்துவிடும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடையும்.

இப்போது தண்டை மட்டும் விரலால் திருக வேண்டும். லேசாகச் சுற்றினால் தண்டில் குறை இல்லை. குமிழ் உள்ளே அழுந்தி, முகப்புத் தகட்டில் உரசியிருக்கிறது. அழுக்கை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, தகட்டுக்கும் குமிழுக்கும் நடுவே ஒரு தபால் அட்டை கனத்துக்கு இடைவெளி விட்டு மாட்டினால் போதும். செலவே இல்லை.

தண்டும் இறுக்கமாக இருந்தால், அதிலுள்ள கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கலாம். வலுக்காட்டாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக 20, 30 முறை திருகினால் சில நேரம் இளகிவிடும். இளகாவிட்டால் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். பெட்டியை வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

தேங்காய் எண்ணெய் ஏன் கூடாது? மார்கழிக் காலையில் அது பாட்டிலில் உறைந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தண்டிலும் அப்படித்தான் உறையும். தூசியோடு சேர்ந்து பசையாகவும் மாறும். உள்ளே இருக்கும் கார்பன் பட்டையில் இறங்கினால் சத்தமே கெட்டுவிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது கெடுக்கும்.

ராஜபாளையத்திலிருந்து வந்த இன்னொரு கேள்வி: குமிழ் இலகுவாகத்தான் சுற்றுகிறது, ஆனால் திருகும்போது ‘கரகர’ என்கிறது. இது வேறு குறை. கார்பன் பட்டையில் தூசி படிந்தாலோ, பட்டை தேய்ந்தாலோ இப்படி வரும். நூற்பாலைகளும், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிகளும் ஓடும் பகுதி இது. தறிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் பஞ்சுத்தூசி இடுக்கில் புகுந்துவிடும். மெக்கானிக் ‘கான்டாக்ட் கிளீனர்’ அடித்துத் திருகினால் தூசிக் கரகரப்பு போகும். பட்டை தேய்ந்திருந்தால் ‘வால்யூம் கண்ட்ரோல்’ என்கிற அந்தச் சின்ன உதிரிபாகத்தை மட்டும் மாற்றலாம். பழையதையே கடையில் காட்டி, அதிலுள்ள 50கே, 100கே போன்ற எண், ‘ஏ’ அல்லது ‘பி’ எழுத்து, கால்களின் எண்ணிக்கை, தண்டின் நீளம் ஆகிய நான்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பேஸ், டிரெபிள் குமிழ்கள் நடுவில் ‘டிக்’கென்று நின்றால் அது குறையல்ல, நடு அளவைக் காட்ட வைத்த அடையாளம்.

ரிப்பேர் ஆகும்வரை அந்த அப்பாவைக் காக்க வைக்க வேண்டியதில்லை. வீட்டில் யாராவது ஸ்பீக்கர் குமிழைப் பாதி அளவில் ஒருமுறை திருப்பி வைத்துவிட்டால், சத்தத்தைச் செல்போன் பொத்தானிலேயே அவர் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.