கணினிக்கூடத்தின் திறவுகோல் யாரிடம்?



கடந்த ஆண்டின் நடுவில் எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. கூடத்தில் இருபது கணினிகள் உள்ளன. அவற்றுள் பழைய பன்னிரண்டில், ஒன்றன்பின் ஒன்றாக, விசையை அழுத்தியதும் விண்டோசு வருவதற்கு முன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றத் தொடங்கின. சில புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து, ஏதோ தோல்வி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். பிறகுதான் கணினி தன் இயல்பான வேலைக்குத் திரும்பும்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, கம்ப்யூட்டர் யாரையோ கூப்பிடுது" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் சொன்னது முற்றிலும் உண்மை என்பதை அறிய எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன.

ஒரு நிமிடம்தானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். பிள்ளைகள் பொறுப்பதில்லை! திரை உறைந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் விசையை அழுத்துவார்கள். விண்டோசு எழுந்துவரும் வேளையில் இவ்வாறு இருமுறை மின்சாரம் அறுபட்டால், அடுத்த முறை அது பழுதுபார்ப்புத் திரைக்குப் போய்விடும். முப்பது நிமிடப் பாடவேளையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இதற்கே கரைந்தது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு வாரத்தில் கிடைப்பதே அந்த முப்பது நிமிடம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

கணினிகளைப் பராமரிக்கும் கடைக்காரர் வந்து பார்த்தார். தாய்ப்பலகைகள் கெட்டுவிட்டன, ஒன்றுக்கு முந்நூறு ரிங்கிட் ஆகும் என்றார். பன்னிரண்டு கணினிகளுக்கு 3,600 ரிங்கிட். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கையிருப்பில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு வாரத் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரம் மூன்று வாரமானது.

அந்தப் பன்னிரண்டு கணினிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவை நிறுவனம் ஒன்று பயன்படுத்திவிட்டு அன்பளிப்பாகத் தந்தவை. வந்த ஆண்டிலேயே ஒரு மாலை மின்னலில், பிணைய வடத்தின் வழியாக அவற்றின் இணைப்புத் துளைகள் எரிந்துபோயின. தாய்ப்பலகையில் மற்றவை பிழைத்ததால், தனியாக இண்டெல் பிணைய அட்டைகளை வாங்கிச் செருகினோம். இந்த அட்டைகள் வெறும் கம்பி செருகும் துளைகள் அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு நினைவகம் இருக்கிறது. அதற்குள் ஒரு சிறு நிரல் உறங்குகிறது. கணினி இயங்கத் தொடங்கும்போது, வன்தட்டைத் தொடாமல், பிணையத்தில் உள்ள வேறொரு சேவையகத்திலிருந்து இயங்குதளத்தைப் பெற்றுத் தரும் நிரல் அது. இந்த முறைக்குப் பிஎக்ஸ்ஈ என்று பெயர். தொழில்நுட்பர்கள் 'பிக்ஸி' என்பார்கள். இண்டெல் நிறுவனம் 1999இல் வெளியிட்ட 2.1 பதிப்பு விதிமுறையே இன்றும் பெருவாரியாகப் பின்பற்றப்படுகிறது.

பிக்ஸி முதலில் செய்யும் வேலை கூப்பிடுவதுதான். "எனக்கு ஒரு முகவரி தருவார் யாரேனும் உண்டா?" என்று பிணையம் முழுவதற்கும் குரல் கொடுக்கும். மறுமொழி இல்லையென்றால் 4 வினாடி காத்திருக்கும். மீண்டும் கூப்பிட்டு 8 வினாடி, பிறகு 16, பிறகு 32. கூட்டிப் பாருங்கள்: சரியாக 60 வினாடி! (கணிதப் பாடத்தில் இரட்டிப்புத் தொடருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.) எங்கள் கூடத்தில் முகவரிகள் கையால் இடப்பட்டவை. கேட்டவுடன் முகவரி வழங்கும் சேவையகம் கிடையாது. ஆகவே அந்தக் குரலுக்கு மறுமொழி சொல்ல ஆளில்லை.

சரி, இத்தனை ஆண்டுகளாகக் கூப்பிடாதவை திடீரென ஏன் கூப்பிட்டன? தாய்ப்பலகையில் காசு அளவில் ஒரு மின்கலம் இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது பயோஸ் அமைப்புகளைக் காத்துவைப்பது அதுதான். அது தீர்ந்தால், எதிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசை ஆலையில் வைத்தபடியே திரும்பிவிடும். இந்தக் கணினிகளில் அந்த வரிசையில் முதலிடம் பிணையத்திற்கு. ஒரே நேரத்தில் வாங்கப்பட்ட பன்னிரண்டு கணினிகளின் மின்கலங்கள் ஏறக்குறைய ஒரே பருவத்தில் தீர்ந்ததில் வியப்பில்லை. தாய்ப்பலகை எதுவும் கெடவில்லை. மின்கலம் ஒன்று மூன்று ரிங்கிட்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மின்கலம் மீண்டும் தீரும். அப்போது பொறுப்பில் நான் இருப்பேனா? வேறு பள்ளிக்கு மாற்றலாகியிருக்கக்கூடும். அதனால் அட்டைக்குள்ளேயே அந்த நிரலை முடக்கிவைக்க முடியுமா என்று தேடினேன். முடியும். இண்டெல் நிறுவனமே 'பூட்யூட்டில்' என்றொரு சிறு கருவியை இலவசமாகத் தருகிறது. அதற்குப் படங்களோ பொத்தான்களோ கிடையாது. கறுப்புச் சாளரத்தில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். நிருவாகி உரிமையோடு திறந்து கருவியின் பெயரை மட்டும் தட்டினால், கணினியில் உள்ள அட்டைகளை ஓர் அட்டவணையாகக் காட்டும். துளையின் எண், மேக் முகவரி, பிணையத்தின் வழி எழுப்பும் வசதி உண்டா இல்லையா, உள்ளே இருக்கும் தொடக்க நிரலின் வகை, அதன் பதிப்பு என எல்லாம் ஒரே வரியில் இருக்கும். எதையும் மாற்றாமல் பார்ப்பதற்கு இது மிகப் பாதுகாப்பான வழி.

மாற்றும் கட்டளைகளும் சிக்கலானவை அல்ல. எத்தனையாவது அட்டை என்பதைச் சொல்லி, தொடக்க நிரலை முடக்கும் சொல்லைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மீண்டும் இயக்கத் தனிச்சொல் உண்டு. எழுப்பும் வசதியைத் திறக்க ஒன்று, மூட ஒன்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை. எல்லா அட்டைகளுக்கும் ஒரே நேரத்தில் கட்டளையிடும் வசதியும் அதில் இருக்கிறது. அதை முதல் நாளிலேயே பயன்படுத்தாதீர்கள். ஒரு கணினியில் செய்து, அணைத்து, இயக்கிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். உள்ளே இருக்கும் நிரலை மாற்றுவதாக இருந்தால், பழையதை ஒரு கோப்பாகச் சேமிக்கும் கட்டளையை முதலில் கொடுங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் 'ஈத்டூல்' என்ற கருவியை அறிந்திருப்பார்கள். அதிலும் எழுப்பும் வசதியைத் திறக்கலாம், மூடலாம். ஆனால் அது கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவது போன்றது. கணினியை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் தானே இயங்குமாறு தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பூட்யூட்டில் எழுதுவதோ அட்டையின் சொந்த நினைவகத்தில். பதிவேட்டில் மையால் எழுதுவது போல, மின்கலம் தீர்ந்தாலும் விண்டோசை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

இரண்டு மாலைகளில் பன்னிரண்டு கணினிகளும் சரியாயின. செலவு 36 ரிங்கிட்.

இச்செய்தி நண்பர்களிடையே பரவியதும், "எழுப்பும் வசதியையும் திறந்துவிடலாமே, காலையில் ஒரே சொடுக்கில் கூடம் முழுவதும் எழுந்துவிடுமே" என்று பலர் கேட்டார்கள். ஆசையான எண்ணம்தான். அணைந்திருக்கும் கணினியின் அட்டைக்கு ஒரு துளி மின்சாரம் சென்றுகொண்டே இருக்கும். தன் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு சிறு பொட்டலத்திற்காக அட்டை காத்திருக்கும். முழுவதும் ஒன்றுகளால் நிரம்பிய 6 பைட்டுகள், அதைத் தொடர்ந்து அந்த அட்டையின் மேக் முகவரி 16 முறை, ஆக மொத்தம் 102 பைட்டுகள். இதற்கு 'மாயப் பொட்டலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவரை எழுப்ப அவர் பெயரைப் பதினாறு முறை சொல்ல வேண்டியிருக்கிறது! எங்கள் விடுதி நாள்கள் நினைவுக்கு வருகின்றன.

ஆனால், நம் நாட்டுப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா? அந்த ஒரு துளி மின்சாரம் வேண்டுமென்றால் சுவர் விசை இரவெல்லாம் திறந்திருக்க வேண்டும். பிணைய வடமும் செருகியபடியே இருக்க வேண்டும். பிற்பகல்தோறும் இடி மின்னலோடு மழை பெய்யும் நாட்டில் நாம் இருக்கிறோம். பள்ளி முடிந்ததும் விசையை அணைத்து வடத்தைப் பிடுங்கிவைப்பது நம் வழக்கம். அந்த வழக்கம் வந்ததற்குக் காரணம் எரிந்துபோன கணினிகள். காலையில் ஐந்து நிமிடம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக இருபது கணினிகளை இரவு முழுவதும் மின்னலுக்கு முன் நிறுத்திவைப்பதை நான் ஏற்கமாட்டேன். தரமான மின்னல் காப்பும் நிலக்கம்பியும் உள்ள கட்டடமாக இருந்தால் எண்ணிப் பார்க்கலாம்.

காலையில் எழுந்தால் போதும் என்போருக்கு மாயப் பொட்டலமே தேவையில்லை. பயோஸில், மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கு என்று ஓர் அமைப்பு பெரும்பாலான கணினிகளில் உண்டு. அதைத் திறந்துவைத்தால், காலையில் பொறுப்பாசிரியர் சுவர் விசையைத் திறந்ததும் கூடமே விழித்துக்கொள்ளும். பாடவேளைகளுக்கு நடுவில் உறங்கவைத்து எழுப்ப விரும்புவோருக்கு மட்டுமே மாயப் பொட்டலம் பயன்படும். அதிலும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். விண்டோசு 8 முதல், கணினியை முழுமையாக நிறுத்தினால் அது அட்டையை விழித்திருக்க விடாது. உறக்க நிலையில் இருந்தால்தான் நம்பி எழுப்பலாம். அட்டையில் எல்லாம் சரியாக இருந்தும் கணினி எழவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

பிணையத் தொடக்கத்தை நான் பகையாகவும் பார்க்கவில்லை. விண்டோசு 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றுவிட்டது. பழைய கணினிகளுக்கு வேறு இயங்குதளம் இட வேண்டிய நிலையில் பல பள்ளிகள் உள்ளன. ஒரே சேவையகத்திலிருந்து இருபது கணினிகளுக்கும் இயங்குதளம் ஏற்ற அதைவிட எளிய வழி இல்லை. விடுமுறையில் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். திறந்தே கிடந்தால், யாரோ ஒருவர் தம் மடிக்கணினியைக் கூடத்தில் செருகி அந்தக் கூப்பிடும் குரலுக்கு மறுமொழி கொடுத்துவிடலாம். அடையாளம் கேட்காமல், முதலில் வந்த மறுமொழியை நம்பும் குழந்தை அது.

என் மனக்குறை வேறு. கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். 3,600 ரிங்கிட் போயிருந்தாலும் யாருக்கும் ஐயம் எழுந்திருக்காது. புதிய பலகை, புதிய மின்கலம், கணினி ஓடியிருக்கும். பெற்றோர்கள் ஞாயிற்றுக்கிழமையில் பலகாரம் சுட்டு விற்றுச் சேர்த்த பணம் அது. "நமக்கெதற்கு இந்தக் கறுப்புச் சாளரம், தெரிந்தவர் பார்த்துக்கொள்வார்" என்று ஆசிரியர்களாகிய நாம் சொல்வதற்குக் கொடுக்கும் விலை இவ்வளவு. பயிற்சிக் கல்லூரியில் நமக்குப் படவில்லைகள் செய்யக் கற்றுத் தந்தார்கள். கணினியின் மேல்சட்டையைத்தான் அறிந்தோம். கட்டளை வரியைக் கண்டதும் பின்வாங்குகிறோம். தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி விதிகளைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு நான்கு சொல் கட்டளை ஒரு பொருட்டா?

சிறிய பள்ளிகளில் கணினிக்கெனத் தனி ஆள் கிடையாது. வகுப்பாசிரியரே கூடத்தையும் பார்க்கிறார். அவருக்கு இன்னொரு சுமையா என்ற கேள்வி நியாயமானது. நான் கேட்பது இரண்டு மாலைகளும் ஒரு குறிப்பேடும் மட்டுமே. எங்கள் கூடத்தில் இப்போது ஒரு நீல அட்டைக் குறிப்பேடு தொங்குகிறது. கணினி எண், மேக் முகவரி, பிணையத் தொடக்கம் மூடியதா திறந்ததா, எழுப்பும் வசதி, மின்கலம் மாற்றிய நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதியிருக்கிறோம். கட்டளைகளை உள்ளது உள்ளபடி ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். என்னோடு இன்னோர் இளம் ஆசிரியையும் உட்கார்ந்து ஆறு கணினிகளைத் தாமே செய்து முடித்தார். நான் மாற்றலாகிப் போனாலும் அவருக்குத் தெரியும்.

மற்ற எட்டுக் கணினிகள் புதியவை. பிணைய இணைப்பு தாய்ப்பலகையிலேயே இருப்பதால் அவற்றின் தொடக்க நிரல் பயோஸோடு சேர்ந்தது. பூட்யூட்டில் அதைத் தொட முடியாது. பயோஸுக்குள் நுழைந்துதான் மாற்ற வேண்டும். அந்த எட்டுக்கும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியவர் கணினிகளை வழங்கிய குத்தகையாளர். வன்தட்டை மாற்றிய நாள்முதல் பதினான்காம் எண் கணினியும் காலைதோறும் அறுபது வினாடி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளியின் கணினிக்குப் பள்ளியிடம் கடவுச்சொல் இல்லை. அதைக் கேட்டு இரண்டு கடிதங்கள் எழுதிவிட்டோம். இன்னும் மறுமொழி வரவில்லை. மூன்றாவது கடிதம் தலைமையாசிரியர் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.