வெறும் வயிறும் மேலங்கியும்

ஸ்பானிய தேசத்துப் பழைய கதைகளிலே ஒருவன் என்ன உண்டான் என்பது மறைக்கப்படும். என்ன உடுத்தான் என்பதோ ஊரறியக் காட்டப்படும். 1554ஆம் ஆண்டில் வெளிவந்த, ஆசிரியர் பெயர் துலங்காத ‘லாசரில்யோ டி டோர்மெஸ்’ என்னும் சிறு நூலைப் பாருங்கள்.

ஊழியஞ் செய்து பிழைக்கும் சிறுவன் லாசரோ, தொலேடோ நகர வீதியிலே ஒரு கனவானைக் காண்கிறான். சீவிய தலை, திருத்தமான உடை, நிதானமான நடை. நல்ல எசமான் வாய்த்தார் என்று பின்தொடர்கிறான். வீட்டிலோ நாற்காலியுமில்லை, மேசையுமில்லை. சிறுவன் இரந்து பெற்று மடியில் வைத்திருந்த ரொட்டித் துண்டே எசமானுக்கும் உணவாயிற்று! மறுநாட் காலை அவர் உடைகளைத் தூசி தட்டி அணிந்து, இடையில் வாள் தொங்க, மேலங்கியைத் தோளிலிட்டு வீதியிற் செல்கிறார். அவர் பட்டினியென்று எவர் எண்ணுவர்? உயர்குடியினர் கையால் உழைத்தல் இழிவெனக் கருதப்பட்ட காலம் அது. குலத்துக்குச் சாட்சி துணி ஒன்றே. அயலிலிருந்த பிரபுவுக்குத் தொப்பியைக் கழற்ற மனமின்றியே இவர் சொந்த ஊரை விட்டு வந்தாராம்! நமக்கு நகைப்பு வருகிறது. இரந்து அவரை ஊட்டும் சிறுவனோ இரங்குகிறான்.

பின்னர் அவனும் நான்கு ஆண்டுகள் கழுதைமேல் தண்ணீர் விற்று, மிச்சம் பிடித்த காசில் பழைய உடைகளும் ஒரு வாளும் வாங்குகிறான். அவற்றை அணிந்த அன்றே கழுதையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். பாடம் நன்றாகவே பதிந்திருக்கிறது!

செர்வாண்டிஸ் எழுதிய ‘டொன் கிஹோட்டே’யிலே காற்றாலைகளோடு பொருத கதையை மாணவர் யாவரும் அறிவர். 1615இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் வரும் காலுறைக் கதையைச் சிலரே நினைவிற் கொள்வர்; எனக்கோ அதுவே பெரிது. கறுப்புக் காலுறையைப் பச்சைப் பட்டு நூலால் தைத்து அணியும் ஏழைக் கனவான்களைப் பற்றிச் சான்சோ கூறியபோது, தாம் ஒட்டுப் போட்ட உடை அணிவதேயில்லை என்று வீறாய்ச் சொன்னவர் கிஹோட்டே. பிறகு ஒரு பிரபுவின் மாளிகையிலே, இரவில் தனியே கதவைச் சாத்திக்கொண்டு பச்சைக் காலுறையைக் கழற்றுகிறார். இருபத்துநான்கு இழைகள் அறுந்து விடுகின்றன. அரக்கருக்கு அஞ்சாத வீரர், சிறிது பச்சை நூல் கிட்டாதா என்று ஏங்குகிறார். சான்சோவும் அருகில் இல்லை. அவன் விட்டுச் சென்ற பயணச் சப்பாத்துக்கள் ஒரு மூலையிற் கிடக்கின்றன. நாளை அவற்றை அணிந்து கிழிசலை மறைக்கலாமென்று சற்றே தேறி, விளக்கை அணைத்துப் படுக்கிறார். உறக்கம் வரவில்லை.