வீட்டுக் கம்ப்யூட்டர்: உம்மும்மாவின் குரல் எங்கே போயிற்று?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்கே இப்பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். காரணம், படிக்கும்போதே உங்களுக்கு விளங்கும். மஸ்கெலியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்:

"எங்கள் உம்மும்மா சென்ற ஆண்டு வபாத்தானார்கள். பழைய மஸ்கெலியா டவுனில் பிறந்து வளர்ந்தவர்கள். அணை கட்டி ஊர் தண்ணீருக்குள் போனதையெல்லாம் கதை கதையாகச் சொல்வார்கள். மாமா 2009இல் பட்டன் போனில் எடுத்த சிறு வீடியோக்கள், கட்டாரில் இருந்த நானாவுக்கு உம்மும்மா அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள், கடைசிக் காலத்தில் நான் என் போனில் எடுத்தவை என்று எல்லாம் இருக்கின்றன. ஒன்றாகச் சேர்த்து ஒரு படம் செய்யலாம் என்று எடிட்டிங் மென்பொருளில் போட்டேன். மாமாவின் வீடியோவில் படம் ஓடுகிறது, சத்தமே இல்லை. குரல் பதிவுகளை அது ஏற்கவே மறுக்கிறது. என்னுடையவற்றில் சத்தம் உண்டு. ஆனால் பத்து நிமிடம் போனதும் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கடையொன்றில் காட்டினோம். 'சத்தம் பழுதாகிவிட்டது, அழித்துவிட்டு, பின்னணியில் நீங்களே பேசிச் சேருங்கள்' என்றார்கள். அழித்து விடலாமா?"

அழிக்காதீர்கள் சகோதரி. ஒன்றைக்கூட அழிக்காதீர்கள்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் பழைய மஸ்கெலியா டவுன் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் மிச்சங்கள் வெளியே தெரியும். மழை வந்தால் மறுபடி மறைந்துவிடும். அந்தத் தெருக்களில் நடந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். உங்கள் உம்மும்மாவின் குரல் உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய சொத்தல்ல. அது ஒரு ஊரின் சாட்சி.

முதலில் ஒரு சோதனை. வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் அந்த வீடியோக்களைப் போட்டுப் பாருங்கள். அதில் குரல் கேட்டால், குரல் உயிரோடுதான் இருக்கிறது என்று பொருள். பழுது பதிவில் இல்லை. எடிட்டிங் மென்பொருளுக்கு அந்தக் குரலின் பாஷை புரியவில்லை, அவ்வளவுதான்.

பெட்டி ஒன்று, உள்ளே பொதிகள் இரண்டு

வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலை நினைத்துப் பாருங்கள். பெட்டியின் மேல் ஒரு பெயர் இருக்கும். உள்ளே தனித்தனிப் பொதிகள் இருக்கும். வீடியோக் கோப்பும் அப்படியே. பெயரின் கடைசியில் வரும் எம்.பி.4, எம்.ஓ.வி., 3ஜி.பி. என்பவை வெறும் பெட்டியின் பெயர்கள். உள்ளே படம் ஒரு பொதி, குரல் இன்னொரு பொதி. ஒவ்வொன்றும் தனித்தனி முறையில் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும். அந்த முறைக்குத்தான் 'கோடெக்' என்று பெயர். படப் பொதியைப் பிரிக்கத் தெரிந்த மென்பொருளுக்குக் குரல் பொதியைப் பிரிக்கத் தெரியாமல் போகலாம். அப்போது படம் ஓடும், சத்தம் வராது. வி.எல்.சி. ஏறக்குறைய எல்லாப் பொதிகளையும் பிரிக்கும் வித்தையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எடிட்டிங் மென்பொருள்கள் அப்படியல்ல. அவை சிலவற்றை மட்டுமே ஏற்கும்.

வி.எல்.சி.யில் வீடியோ ஓடும்போது 'டூல்ஸ்' பகுதியில் 'கோடெக் இன்பர்மேஷன்' என்பதைத் திறந்தால் குரல் எந்த முறையில் கட்டப்பட்டது என்று தெரியும். பழைய பட்டன் போன்களின் 3ஜி.பி. வீடியோக்களில் பெரும்பாலும் ஏ.எம்.ஆர். என்றிருக்கும். அது தொலைபேசிப் பேச்சுக்காக உருவான முறை. நொடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கும். வாட்ஸ்அப் குரல் பதிவுகள் 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் முறையில் இருக்கும். கையடக்க வீடியோ கமெராக்களின் எம்.டி.எஸ். கோப்புகள் பலவற்றில் டால்பி ஏ.சி.3 இருக்கும். இம்மூன்றுமே எடிட்டிங் மென்பொருள்களில் அடிக்கடி சிக்கல் தருபவை. ஏ.ஏ.சி. என்றிருந்தால் பொதுவாகத் தொல்லை இல்லை.

மருந்து

மாமாவின் வீடியோக்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். வீடியோவை அதில் திறந்து, எம்.பி.4 என்பதைத் தேர்ந்து, குரலுக்கு ஏ.ஏ.சி. என்று கொடுத்துப் புதிய பெயரில் மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். சிறியதாக ஒன்றை மாற்றி, எடிட்டிங் மென்பொருளில் போட்டுக் கேட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

நானாவின் குரல் பதிவுகளுக்கு வி.எல்.சி.யே உதவும். 'மீடியா' பகுதியில் 'கன்வர்ட்' என்பதைத் திறந்து, பதிவைச் சேர்த்து, 'ஆடியோ - சிடி' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். புதிய பெயரின் கடைசியில் டபிள்யூ.ஏ.வி. என்ற மூன்று எழுத்துகளையும் எழுத வேண்டும். இந்த 'வேவ்' கோப்பைச் சுருக்காமல் வைப்பதால் எந்த எடிட்டிங் மென்பொருளும் ஏற்கும். இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும்: நிமிடத்துக்குப் பத்து எம்.பி.க்குச் சற்று மேல்.

ஒரு எச்சரிக்கை. 'இங்கே ஏற்றினால் மாற்றித் தருகிறோம்' என்று அழைக்கும் இணையத்தளங்கள் ஏராளம். வீட்டுப் பெண்களின் முகமும் பேச்சும் அடங்கிய பதிவுகளை யாரென்று தெரியாதவர்களிடம் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன இரண்டும் இணைய இணைப்பே இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்யும்.

வாயும் குரலும் பிரிந்தால்

உங்கள் போனில் எடுத்தவற்றின் நோய் வேறு. பெரும்பாலான போன்கள் நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், போன் சூடேறினால், எண்ணிக்கை கூடும், குறையும். மஸ்கெலியாவின் மூட்டமான பிற்பகல்களைச் சொல்லவா வேண்டும்! குரலோ ஒரே சீராக ஓடும். எடிட்டிங் மென்பொருள் படமும் சீரானது என்று எண்ணிக் கணக்குப் போடுவதால் வரவர இடைவெளி விழுகிறது. ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து மாற்றினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

இடைவெளி முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவில் வளர்ந்துகொண்டே போய், குரலும் கொஞ்சம் தடித்துக் கேட்டால், காரணம் குரல் மாதிரிகளின் எண்ணிக்கை. சிடிக்கு நொடிக்கு 44,100. வீடியோவுக்கு வழக்கமாக 48,000. 48,000 கணக்கில் பதிந்த ஒரு மணி நேரப் பேச்சை 44,100 கணக்கில் ஓட்டினால் 65 நிமிடம் 18 நொடி ஆகும். பழைய நிக்காஹ் வீடியோக் கசெட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியவர்களும் இந்த இடைவெளியைக் கண்டிருப்பீர்கள். அங்கே படத்தை ஒரு கருவியும் சத்தத்தை இன்னொன்றும் வாங்கினால், இரண்டின் கடிகாரமும் முழுதாக ஒத்துப்போகாது. குரலின் நீளத்தை மட்டும் சிறிது நீட்டியோ சுருக்கியோ பொருத்த வேண்டும்.

சிறிய காரணங்களையும் மறக்க வேண்டாம்

எந்த வீடியோவிலுமே சத்தம் வராவிட்டால் கோடெக்கைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒலிவரிசையில் 'எம்' என்ற பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அது மௌனப் பொத்தான். சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல், எப்போதோ இணைத்த புளூடூத் ஹெட்போனுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். அடோபி பிரிமியர் போன்றவை புதிய கோப்பை வாங்கியதும் குரலைத் தம் வசதிக்கேற்பத் தயார் செய்யச் சிறிது நேரம் எடுக்கும்; அது முடியும்வரை பொறுங்கள். பென் டிரைவிலிருந்தோ மெமரி கார்டிலிருந்தோ நேரே வேலை செய்யாமல் முதலில் கம்ப்யூட்டருக்குள் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வரும் சத்தத்துக்கு இது நல்ல மருந்து.

குரல் ஒரு காதில் மட்டும் கேட்டால், இருக்கும் பக்கத்தை இரண்டு பக்கத்துக்கும் நிரப்பும் வசதி எல்லா நல்ல மென்பொருளிலும் உண்டு. ஹெட்போனில் கேட்கும் குரல் ஒரே ஸ்பீக்கருள்ள போனில் காணாமல் போனால், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று எதிர்த்து அழித்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

அசல் அசலாகவே இருக்கட்டும்

மாற்றிய பிரதி வேலைக்கு, அசல் பாதுகாப்புக்கு. ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் ஏதோ கொஞ்சம் குறைகிறது. குறைந்தது திரும்ப வராது. ஆகவே அசல் பதிவுகளை இரண்டு இடங்களில், இயன்றால் இரண்டு வீடுகளில் வையுங்கள். உறவினரிடமிருந்து வீடியோ வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாமல் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வந்து சேரும். எப்போது, எங்கே எடுத்தது, யார் பேசுகிறார் என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இன்று உங்களுக்குத் தெரிந்தது நாளை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பின்னணி இரைச்சலை நீக்கும் வசதியையும் அளவோடு பயன்படுத்துங்கள். அதிகமாக அழுத்தினால் சொற்களின் ஓரங்கள் தேய்ந்து, குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கூரையில் மழை விழும் ஓசை கொஞ்சம் இருந்தால் இருக்கட்டுமே. உம்மும்மா பேசியது மஸ்கெலியாவில் அல்லவா!

கடைக்காரர் சொன்னதுபோல் நீங்கள் பின்னணியில் பேசிச் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் அது விளக்கமாக இருக்கட்டும், உம்மும்மாவின் குரலுக்குப் பதிலாக வேண்டாம். பழைய டவுனின் எந்தக் கடைக்கு எதிரே எந்தக் கடை இருந்தது என்பதை அவர்கள் தம் வாயால் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிள்ளைகள் அவர்கள் வாயாலேயே கேட்கட்டும். முதல் வேலையாக மாமாவின் வீடியோக்களில் ஆகச் சிறியதை வி.எல்.சி.யில் போட்டுக் கேளுங்கள். கேட்டதை எங்களுக்கும் எழுதுங்கள்.