எழுந்து நிற்கும் உரிமை

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான குழு ஒரு சக்கர நாற்காலியை வடிவமைத்தது. அதை உற்பத்தி செய்யும் பொறுப்பை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் கம்பெனி ஏற்றது. 2019 நவம்பரில் 'அரைஸ்' என்ற பெயரில் அது வெளிவந்தது. அதில் உட்கார்ந்தவர், பிறர் தூக்கிவிடாமல் தாமே எழுந்து நிற்கலாம்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நாளெல்லாம் உட்கார்ந்தே கிடந்தால் ரத்த ஓட்டம் கெடும். உடம்பில் புண் வரும். பள்ளிக்கூடத்திலோ கரும்பலகையும் உயரத்தில், புத்தக அலமாரியும் உயரத்தில். எழ முடியாத பிள்ளை எல்லாவற்றுக்கும் அடுத்த பிள்ளையின் தயவை எதிர்பார்க்க வேண்டும். எழுந்து நின்றால், தன் கணக்கைத் தானே பலகையில் போடும்.

ஆனால் விலை? வெளிவந்தபோது சுமார் 15,000 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ல் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 45 நாள் கூலி! அத்தனை நாளும் அடுப்பு எரியாமல் இருந்தால்தான் விவசாயத் தொழிலாளி தன் குழந்தைக்கு இதை வாங்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது: 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள மாணவர்களுக்கு, 18 வயது வரை, புத்தகங்களையும் தேவையான உதவிக் கருவிகளையும் இலவசமாகத் தரவேண்டும். இச்சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, சக்கர நாற்காலிக்கு 5 சதவீத வரி விழுந்தது. ஒரு கை கொடுப்பதாகச் சொல்ல, மறு கை பிடுங்கிய கதை இது!

விழா மேடையில் ஒரு நாற்காலியைக் கொடுத்து, பத்துப் பேர் படத்தில் நின்றுகொள்வதை உதவி என்கிறார்கள். சட்டம் தந்த உரிமைக்கு மாலையும் மேடையும் எதற்கு? நாற்காலி மட்டும் போதுமா? பள்ளி வாசலில் படி இருந்தால் அது வாசலோடு நின்றுவிடும். சக்கரம் உடைந்தால் பழுதுபார்க்க ஆள் வேண்டும். பள்ளிக்குப் போகத் தாழ்தளப் பஸ் வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்குக் கருவி தேவை? எத்தனை பேருக்கு வந்தது? சாய்தளம் எங்கே? சங்கக் கூட்டத்திலும் இதை எழுப்புங்கள். அந்த நாற்காலியின் இரும்பை வளைத்தது தொழிலாளியின் கை. தொழிலாளியின் பிள்ளை அதில் எழுந்து நிற்க வேண்டாமா?